கூடாரத்துக்கு வெளியே ஒரு ஜோடி பூட்ஸ்

பூட்ஸ் திரும்பியிருந்தது.

ஏரியைச் சுற்றிப் போகும் பாதையில் நடக்கக் கிளம்புமுன், மார்லிஸ் அதைக் கூடார வாசலில் மூக்கு வெளியே பார்க்கும்படி வைத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது மூக்கு உள்ளே பார்த்தது. யாரோ வெளியிலிருந்து வந்து, வாசலில் நின்று, உள்ளே போகலாமா என்று யோசிப்பதைப்போல.

காற்றின் வேலையில்லை. அவ்வளவு கனம். நரியோ ரக்கூனோ இழுத்திருந்தால் ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயும் கிடந்திருக்கும். இவை ஜோடியாக, குதிகால் ஒட்டி நின்றன.

அது யாருடைய பூட்ஸும் இல்லை. பழைய சாமான் கடையில், இருப்பதிலேயே பெரிய அளவாகப் பார்த்து வாங்கியது. தனியாக முகாமிடும் பெண்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். வாசலில் ஆண்பிள்ளை பூட்ஸ், நெருப்பு மூட்டும் கல்வளையத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி, மேஜைமேல் இரண்டு கோப்பை. யாராவது கேட்டால், வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போயிருக்கிறார். பார்க்கிறவனுக்கு உள்ளே ஒரு தடியன் படுத்திருப்பதாகத் தோன்றினால் போதும்.

மார்லிஸுக்கு ஒருகாலும் வீட்டுக்காரர் இருந்ததில்லை. அறுபதைத் தாண்டிவிட்டாள். அம்மாவைக் கழுவித் துடைத்து ஊட்டியதிலேயே பாதி ஆயுள் போயிற்று. வசந்தத்தில் அம்மா செத்துப்போனாள். வீட்டை விற்றுவிட்டுத் தன் வீட்டின் அடித்தள அறைக்கு வந்துவிடச் சொல்லித் தம்பி ஆரின் நச்சரித்துக்கொண்டிருந்தான். உன்னால் ஒரு ராத்திரிகூடத் தனியாக இருக்க முடியாது என்பது அவன் கட்சி. இருந்து காட்டுகிறேன் என்று வந்திருந்தாள். விடியும்வரை தாக்குப்பிடித்தால் வீடு அவளுக்கு. பயந்து ஓடினால் அடித்தள அறை. அப்படித்தான் பேச்சு.

அதனால் பூட்ஸைத் திருப்பி வைத்தாள். வேறென்ன செய்ய.

நவம்பர். பூங்காவில் தண்ணீர்க் குழாய்களை மூடிவிட்டார்கள். மற்ற முகாம் இடங்களெல்லாம் காலி. மேஜைகள்மேல் ஓக் இலைகள் ஈரமாக ஒட்டிக் கிடந்தன. நுழைவாயிலில் மட்டும் ஒரு கேரவன். முகாமைப் பார்த்துக்கொள்ளும் டுவேன் குபிசெக்கும் அவன் மனைவி லவோனும் அதில் இருந்தார்கள்.

டுவேன் தன் பேட்டரி வண்டியில் விறகு கொண்டுவந்தான். இறங்காமலே கட்டுகளைத் தள்ளிவிட்டான்.

"இந்தாங்க. உங்க வீட்டுக்காரர் ரெண்டு கட்டு கேட்டார்."

மார்லிஸ் கையிலிருந்த கெட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எப்போ கேட்டார்?"

"மத்தியானம். ஏரிக்கரையில நின்னுட்டிருந்தார். அடேயப்பா, என்ன உசரம்! நான் பத்து வார்த்தை பேசினா அவர் ஒண்ணு பேசறார். எங்க வீட்டம்மா பார்த்தா, 'இந்த ஆளை வெச்சுக்கிட்டு அந்த ஆளைக் குடுங்க'ன்னு உங்ககிட்ட கேப்பா."

அவனே சிரித்துக்கொண்டான்.

உண்மையைச் சொல்வதென்றால், நான் தனியாக இருக்கிறேன் என்று முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் சொல்ல வேண்டும். அதை மட்டும் சொல்லவே கூடாது. ஒருவேளை அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவன் கதை விடுகிறானோ என்னவோ. எப்படிப் பார்த்தாலும் பதில் ஒன்றுதான்.

"ஆமா. அவர் அப்படித்தான்."

"பேரு சொன்னார், மறந்துட்டேன் பாருங்க."

"ஹால்வர்," என்றாள். அந்தப் பெயரில் அவளுக்கு யாரையும் தெரியாது. வாயில் வந்தது, சொன்னாள்.

"அதேதான்!" தொடையில் தட்டிக்கொண்டு டுவேன் வண்டியைத் திருப்பினான்.

நாலரைக்கெல்லாம் வெயில் போய்விட்டது. நெருப்பு மூட்டி உட்கார்ந்தாள். ஏரியின்மேல் எழுந்த பனி மரங்களுக்கிடையே நுழைந்து தரையோடு ஊர்ந்து வந்தது. புகையோடு சேர்ந்து இன்னொரு வாசம், நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்த தோலின் வாசம், சேற்றின் வாசம், பக்கத்து நாற்காலிப் பக்கமிருந்து விட்டுவிட்டு வந்தது. புகை அந்த நாற்காலியை நெருங்கியதும் இரண்டாகப் பிரிந்து, அதைச் சுற்றிக்கொண்டு, பின்னால் போய் ஒன்றுசேர்ந்தது. நாற்காலியின் துணி கீழே தொய்ந்திருந்தது. ஈரத்தில் தொய்ந்திருக்கும் என்று நினைத்தாள். அவள் நாற்காலியும் அதே ஈரத்தில்தான் இருந்தது.

இதைவிட மோசம், அவளுக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் பேசாமல் உட்கார்ந்திருப்பது. மருந்து கேட்காமல், திட்டாமல், துடைத்துவிடச் சொல்லாமல்.

"குளிருதா?" என்று கேட்டுவிட்டாள்.

நாற்காலியின் கால் கிரீச்சென்றது.

தொலைபேசி அடித்தது. ஆரின்.

"என்ன, கரடி தூக்கிட்டுப் போயிடுச்சா?"

"இன்னும் இல்லை. உனக்கு ரொம்ப வருத்தமா?"

"பின்னே? கீழ் ரூமுக்கு பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கேன். வந்துடேன், மார்லிஸ். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"காலையில வரேன். என் வீட்டுக்கு."

"சரி சரி. யாரு அது இருமறது?"

அவள் எதையும் கேட்டிருக்கவில்லை. "யாரும் இல்லையே."

"நல்லாக் கேக்குதே, ஆம்பிளை இருமல். உன் குரல்தான் தேஞ்சு தேஞ்சு போகுது. சத்தமாப் பேசு."

"சத்தமாத்தான் பேசறேன்!"

"ஹலோ? மார்லிஸ்? ஹலோ?" யாருக்கோ உம் கொட்டினான். பிறகு வேறு குரலில், மரியாதையாக: "ஓ. அப்படிங்களா. சரிங்க, பார்த்துக்கங்க." வைத்துவிட்டான்.

திரும்ப அழைத்தாள். மணி அடித்தது. ஆரின் எடுத்தான். ஹலோ ஹலோ என்றான். அவள் கத்தினாள். யாருமே பேசவில்லையே என்று முணுமுணுத்துவிட்டு வைத்தான்.

நாற்காலித் துணி நிமிர்ந்திருந்தது. காலி.

வாசலில் பூட்ஸ் இல்லை.

கூடாரம் அசைந்தது. காற்று இல்லை. உள்ளிருந்து துணியை ஏதோ தள்ளியது. தோள் ஒன்று. பிறகு முழங்கை. மேல்கோட்டு போடும்போது இடம் போதாமல் ஒருவர் தடுமாறுவதுபோல. கார்ச் சாவி உள்ளே. அவள் கோட்டின் பையில்.

வீடு போனால் போகட்டும். அடித்தள அறையே மேல்.

ஓடினாள்.

சரளைக்கல் பாதை. இரு பக்கமும் பைன் மரங்கள். தூரத்தில் கேரவனின் மஞ்சள் ஜன்னல். பின்னால் காலடி. கனமானது. அவசரமே இல்லாதது. அவள் ஓடினாலும் அதே தூரத்தில். அவள் நின்றாலும் நிற்கவில்லை. தன் காலடியைக் கேட்க முயன்றாள். கல் நொறுங்கும் சத்தம் ஒரு ஜோடிக் காலுக்குத்தான் இருந்தது. அது பின்னால்தான் இருந்தது.

கதவு. இரண்டு கையாலும் அறைந்தாள். கதவு திறக்கும்போது அது அவள் அறைந்ததற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. லவோன் ஏப்ரனில் கை துடைத்தபடி நின்றாள். பீன்ஸும் இறைச்சியும் வேகும் சூடு முகத்தில் அடித்தது.

"என்கூட யாரும் வரலை," என்றாள் மார்லிஸ். "பொய் சொன்னேன். எனக்கு வீட்டுக்காரரே கிடையாது. நான் தனியாத்தான் இருக்கேன். தயவுசெஞ்சு உள்ளே விடுங்க."

லவோன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, நல்ல உயரமான ஆளின் முகம் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அடடே, ஹால்வரா? இவர் உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தார். வாங்க வாங்க. இந்தக் குளிர்ல தனியாவா வந்தீங்க?"

ஈரத் தோல் வாசம். கனமாக ஒன்று அவள் தோளை இடித்துக்கொண்டு கடந்தது. படி அமிழ்ந்தது.

"தனியாத்தான்," என்றது ஒரு குரல்.

கதவு சாத்திக்கொண்டது.

மார்லிஸ் தட்டினாள். கை வலித்தது. சத்தம் வரவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். மேஜையில் மூன்று தட்டு. டுவேன் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே அகன்ற முதுகு ஒன்று, அவளுடைய கோட்டு தோள்களில் கிழிந்து தொங்க. கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக் கத்தினாள். கண்ணாடியில் ஆவி படியவில்லை. டுவேன் தலையைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தான். பார்த்து, கண்ணாடியில் தெரிந்த தன் தலைமுடியைத் தடவிச் சரிசெய்துகொண்டான்.

அகன்ற முதுகு திரும்பவில்லை. ஒரு கை மட்டும் பின்பக்கமாக நீண்டது. அவ்வளவு தூரம் எந்தக் கையும் நீளாது. விரல்கள் திரையைத் தேடிப் பிடித்து, மெதுவாக, கடைசிக் கீற்று வெளிச்சமும் போகும்வரை இழுத்து மூடின.