ஆறாம் வகைப் பாடல்கள்

அந்த அம்மாள் துப்பறிவாளரின் மேசைமேல் ஒரு பழைய டேப்ரெக்கார்டரையும் ஒரு தடித்த புத்தகத்தையும் வைத்தார். கதைப்பாடல்களை வகை பிரித்த புத்தகம். அட்டையில் ஒரு பேராசிரியரின் பெயர். ஊர் ஊராய் அலைந்து அவற்றைப் பதிவு செய்தவர் இறந்துபோன தன் கணவர் என்றார். கேட்டுவிட்டுத் தருவதாகப் பேராசிரியர் வாங்கிப்போன கேசட்டுகள் திரும்பவே இல்லை.

"வேற ஒண்ணும் வேண்டாங்க. அவர் பேரு அச்சுல வரணும்."

கேசட்டின் ஒரு பக்கம் எவ்வளவு நேரம் ஓடும் என்று மட்டும் துப்பறிவாளர் கேட்டார். அரை மணி என்றார் அந்த அம்மாள்.

உதவியாளருக்கு வயது ஐம்பது. ஆனாலும் அவசரக்குடுக்கை என்று வைத்த பெயர் 'குடுக்கை' என்று சுருங்கி நிலைத்துவிட்டது. நேரே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்று குதித்தவரைத் துப்பறிவாளர் மூன்று நாள் பாடல் வரிகளை எண்ண வைத்தார். குடுக்கைக்குக் கண் பூத்துப்போனது.

நான்காம் நாள் மூவரும் பேராசிரியர் அறைக்குப் போனார்கள். கேசட்டே கிடையாது, பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையால் எழுதியது என்று அவர் சாதித்தார். ஆறாம் வகை பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. நடுவில் நான்கு வரி திரும்ப வரும் பாடல்கள், துயரத்தின் உச்சத்தில் அப்படி வருமாம், கண்டுபிடித்ததே அவர்தானாம்.

"அந்த வகையில உள்ள பதினோரு பாட்டுலயும் அது ஏறக்குறைய முந்நூறாவது வரியிலதான் வருது சார், சிரிப்புப் பாட்டுல கூட," என்ற துப்பறிவாளர் அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். "கேசட்டைத் திருப்பிப் போட்டதும் உங்க வீட்டுக்காரர் என்ன செய்வார்?"

"எதுவும் விட்டுப்போகக் கூடாதுன்னு நாலு வரி முன்னாலேருந்து பாடச் சொல்வார்."

"முந்நூறு வரி பாட அரை மணி ஆகும், கேசட்ல ஒரு பக்கம் தீரும். அதான் நாலு வரி ரெண்டு தடவை வருது. கையால எழுதினா கேசட் எப்படி சார் தீரும்?"

பேராசிரியர் பேனாவை எடுத்தார். மறுபதிப்பில் அந்தக் கணவரின் பெயரைப் போடுவதாக எழுதிக் கொடுத்தார். குடுக்கைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆறு மாதத்தில் மறுபதிப்பு வந்தது. அட்டையில் பழைய பெயரேதான். குடுக்கை பக்கம் பக்கமாகத் தேடிக் கடைசியில் பிழைதிருத்தப் பக்கத்தில் கண்டார்: ஆறாம் வகை நீக்கப்படுகிறது, பிழைக்குக் காரணம் பதிவு செய்தவரின் கவனக்குறைவு. அதன்கீழ் அந்தக் கணவரின் முழுப்பெயர். வாக்குத் தவறவில்லை, பாவி!

அந்த அம்மாள் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"இனிஷியல் சரியாப் போட்டிருக்காங்க," என்றார்.