கழுதைத் தொப்பியும் கொக்குத் தொப்பியும்

"ஐயோ... என் கால்!"

டெஸ்ஸா துள்ளித் திரும்பினாள். பேஸ்பால் மைதானத்தோரம் புல்வெட்டி நிறுத்தும் தகரக் கொட்டகைக்குப் பின்னால் தான் ஒருத்திதான் ஒளிந்திருப்பதாக அவள் நினைத்திருந்தாள். இரண்டடி பின்னால் நகர்ந்ததும் அவளுடைய பூட்ஸின் குதிகால் யாரோ ஒருவனின் கட்டைவிரலில் நச்சென்று இறங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க... இங்க ஆள் இருக்கும்னு தெரியாது."

"நெப்ராஸ்கா முழுக்க காலி இடமாக் கிடக்கு," என்றான் அவன், ஒற்றைக் காலில் நொண்டியபடி. "உங்களுக்கு நிக்கறதுக்கு என் கால்தான் கிடைச்சுதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இடியும் சூறாவளியும் வருவதற்கு முன் சோளக்கொல்லைக்கு மேலே வானம் ஒரு நிறம் காட்டுமே, சாம்பலும் பச்சையும் கலந்து... அந்த நிறக் கண்கள். அந்த நிறத்தைக் கண்டால் இந்தப் பக்கத்து ஜனங்கள் நிலவறைக்கு ஓடுவார்கள். டெஸ்ஸா ஓடவில்லை. அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

"இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டான்.

"நானா... நான் அந்தப் பையனோட அத்தை," என்று மைதானத்தின் நடுவில் பந்து வீசிக்கொண்டிருந்த வேட் ஸ்லோகத்தைக் காட்டினாள். "நீங்க?"

"விதைச் சோளம் விக்கிறேன்."

"கொட்டகைக்குப் பின்னாலயா?"

"இங்கதான் போட்டி கம்மி."

அவன் தோளில் விதை மூட்டை ஒன்று தொங்கியது. அவள் கையில் பின்னல் பை. பட்டென்று ஒரு பெரிய துளி விழுந்தது... பிறகு ஆயிரம் துளி. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே பதற்றத்தோடு பைகளை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். மூட்டையும் பையும் ஒன்றோடொன்று மோதின. உள்ளிருந்து 'டிக்' என்று ஒரே சத்தம். இரண்டிலும் பந்தின் வேகத்தை அளக்கும் கருவி!

"தொண்ணூத்தி மூணு மைல்," என்றான் அவன் மெதுவாக.

"தொண்ணூத்தி நாலு. உங்க கருவி பழசு," என்றாள் டெஸ்ஸா.

"யாரது அங்க?" குடையோடு வந்து நின்றாள் சிற்றுண்டிக் கடை டோரிஸ். வேட் ஸ்லோகத்தின் தாய். "மழையில என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"இவங்க வேட்டோட அத்தையாம்," என்றான் அவன், முகத்தைப் பால்போல் வைத்துக்கொண்டு.

டோரிஸ் டெஸ்ஸாவை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படியா? எனக்கு இப்படி ஒரு நாத்தனார் இருக்கறது இத்தனை வருஷமா எனக்கே தெரியாம போச்சே! சரி, உள்ள வாங்க நாத்தனாரே. சாஸேஜ் ஆறிடும்."

கடைக்குள் போய்த் தலையைத் துவட்டியபோது குட்டு முழுதும் உடைந்தது. அவன் பெயர் எமெட் ப்ரூக்கர். 'மியூல்ஸ்' என்ற பெரிய பேஸ்பால் அணிக்காக ஊர் ஊராய்ப் போய் இளம் ஆட்டக்காரர்களைத் தேடுகிறவன். தொப்பியில் ஒரு கழுதை பல்லைக் காட்டியது. டெஸ்ஸா குபிக்கும் அதே வேலைதான், 'ஹெரான்ஸ்' அணிக்கு. அவள் தொப்பியில் கொக்கு.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சொல்வாங்க," என்றாள் டெஸ்ஸா. "இங்க எப்படி மோப்பம் பிடிச்சு வந்தீங்க?"

"கொக்கு ஒத்தைக் கால்ல நிக்கற இடத்துல மீன் இருக்கும்னு வந்தேன். வந்தா, அது என் கால்ல நிக்குது!"

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

டெஸ்ஸாவுக்கு அது சிரிக்கிற வருஷமில்லை. ஜூலையில் டிராஃப்ட். அணிகள் முறை வைத்து, சுற்றுச் சுற்றாக, ஒவ்வொரு பையனாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள். மூன்று வருஷமாக அவள் எழுதி அனுப்பிய ஒரு பையனைக்கூட அவளுடைய அணி எடுக்கவில்லை. தலைவர் கார்வர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த வருஷமும் உன் பக்கத்துலேருந்து ஒருத்தனும் தேறலைன்னா, உன் பகுதியை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன். வருத்தப்படாதே." வேட் ஸ்லோகம் என்ற இடதுகைப் பையனை நாட்டில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தாள். இப்போது இந்தக் கழுதை பார்த்துவிட்டது. போதாததற்கு, ஹெரான்ஸ் முறைக்குச் சரியாக முந்தைய முறை மியூல்ஸுக்கு!

"ஒரு நிபந்தனை," என்றாள். "நாம பேசலாம். வேட் பத்தி மட்டும் பேசக்கூடாது."

"சரி. வேற எதைப் பத்தி பேசறது?"

"...மழையைப் பத்தி."

பேசினார்கள். அந்த வசந்தத்தில் மழைக்கும் குறைவில்லை. மைதானத்துக்கு மைதானம் சந்திப்பு... 'தற்செயலாக'த்தான். தற்செயல் என்பது வாரம் மூன்று முறை நடந்தது. மூன்றாவது வாரம் ஊர் ஓட்டலில் ஆப்பிள் பை சாப்பிட அழைத்தான். டெஸ்ஸா கொக்குத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, நீலக் கவுன் போட்டுக்கொண்டு போனாள். கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வர, எமெட் ஏறிட்டுப் பார்த்தான்... பார்த்துவிட்டு வாயைப் பிளந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்!

"போரடிக்குதா?" என்றாள் டெஸ்ஸா. காது மடல் எரிந்தது. "சொல்லியிருந்தா வந்தே இருக்கமாட்டேனே?"

"ஐயோ இல்லைங்க!" அவன் முகம் செர்ரிப் பழம்போல் ஆனது. "இது... பழக்க தோஷம்."

"என்ன பழக்கம்?"

"உங்களுக்குத் தெரியாததா? நல்ல பையன் ஒருத்தன் கண்ணுல பட்டா நாம என்ன செய்வோம்?"

தெரியும். கொட்டாவி விடுவார்கள். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டினால் பக்கத்தில் இருப்பவன் மோப்பம் பிடித்துவிடுவான். பதினோரு வருஷமாய் இந்தத் தொழிலில் இருப்பவன் எமெட்.

"ரொம்பப் பிடிச்சுப்போனா... தானா வந்துடுது," என்று மேஜை விரிப்பைப் பார்த்துச் சொன்னான்.

டெஸ்ஸா மெனு அட்டையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அதற்குப் பின்னால் அவள் சிரித்த சிரிப்பை அந்த அட்டை மட்டுமே பார்த்தது.

மே மாதக் கடைசியில்தான் வினை வந்தது. கார்வர் போனில் காய்ச்சி எடுத்திருந்தார். அழுதுகொண்டே எமெட்டின் பக்கத்துப் பலகையில் வந்து உட்கார்ந்தவள், நிபந்தனையை மறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மூன்று வருஷக் கதை, வேலை, வேட் ஒருவன்தான் இனி கதி என்பது வரை. எமெட் அவள் கையருகே தன் கையைக் கொண்டுவந்து வைத்தான், அவ்வளவுதான்.

வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. 'ஐயோ... நான் என்ன செய்துவிட்டேன்? அந்தப் பையனை எனக்கு விட்டுக்கொடு என்று கையேந்தினேனா?' வெட்கம் தலையைப் பிடுங்கித் தின்றது. மறுநாள் முதல் அவன் போனை எடுக்கவில்லை. அவனும் விடவில்லை, குறுஞ்செய்தி அனுப்பினான். 'இங்கே மழை.' இரண்டு நாள் கழித்து, 'இங்கே மழை நின்றுவிட்டது.' ஒரு வாரம் கழித்து, 'மழை பற்றிச் சொல்ல இனி ஒன்றுமில்லை. நலமா?' பதில் போடவில்லை. தன்மானம் என்று ஒன்று இருக்கிறதே!

டிராஃப்ட் நாள் பிற்பகல் டோரிஸ் வீட்டுச் சமையலறையில் பதினெட்டுப் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். மேஜை மேல் கணினி. அது ஒவ்வொரு பெயராய்ச் சொல்லிக்கொண்டிருந்தது. வேட் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு சாலட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னவும் மறந்து நின்றான்.

"ஏழாவது சுற்று. மியூல்ஸ் அணி தேர்ந்தெடுப்பது..."

டெஸ்ஸா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு. வேலையும் போச்சு. அவனும்...

"...ஜார்ஜியாவைச் சேர்ந்த..."

மீதி அவள் காதில் விழவில்லை. அடுத்த நிமிஷமே, "ஹெரான்ஸ் அணி... நெப்ராஸ்காவைச் சேர்ந்த வேட் ஸ்லோகம்!" சாலட் கூரைக்குப் பறந்தது. டோரிஸ் அழுதாள், சிரித்தாள், எல்லோரையும் கட்டிக்கொண்டாள். "நாத்தனாரே! என் தங்கமே!" டெஸ்ஸாவும் அழுதாள். அழுதுகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசலில் எமெட்டின் வண்டி.

அழுகை அப்படியே நின்றது. நெஞ்சுக்குள் வேறு ஒன்று பற்றிக்கொண்டது. விடுவிடுவென்று வெளியே போனாள்.

"வாழ்த்துகள்," என்றான் எமெட். கையில் ஒரு பலகார டப்பா. "செர்ரி பை. உங்களுக்குப் பிடிக்குமேன்னு..."

"எனக்குப் பிச்சை போட்டீங்களா?"

"என்ன?"

"பாவம், வேலை போயிடும், அழுதா... விட்டுக்கொடுப்போம்னு விட்டுட்டீங்க! யாரு கேட்டா உங்க தயவை? நான் தேடின பையன்! நான் ஜெயிச்சு எடுக்கணும்!"

"டெஸ்ஸா..."

"உங்க ஆளுங்க ஏன் எடுக்கலை? சொல்லுங்க! தொண்ணூத்தி நாலு வேகம், இடது கை, அவனைப் போய் யாராவது விடுவாங்களா?"

"அதைத்தாங்க நானும் கேட்டேன்!" எமெட் டப்பாவை வண்டி மேல் ஓங்கி வைத்தான். முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது. "நாப்பது நிமிஷம் கத்தினேன்! தொண்டை போச்சு! 'ஒல்லியா இருக்கான், காத்தடிச்சா பறந்துடுவான்'னு சொல்லிட்டு ஜார்ஜியாக்காரனை எடுத்துட்டாங்க... இந்தாங்க, படிங்க!"

போனை நீட்டினான். அவன் தன் அணிக்கு எழுதிய குறிப்பு. டெஸ்ஸா படித்தாள். 'இந்தப் பையன் பந்தை எறிவதில்லை. கையை விட்டுப் போகச் சொல்கிறான், அது சொன்ன இடத்துக்குப் போகிறது. இவனை விட்டால் நாம் பத்து வருஷம் வருத்தப்படுவோம். ஹெரான்ஸ் அணியிலிருந்து வரும் பெண் இவனைக் கண்டுவிட்டாள். அவள் கண் தப்பாது. அவளுக்கு முன் நாம் முந்திக்கொள்ள வேண்டும்.'

கீழே தேதி. அவள் எல்லாவற்றையும் கொட்டி அழுததற்கு மறுநாள்.

"என்கிட்டேருந்து பறிக்கப் பார்த்தீங்களா?" அவள் குரல் தழுதழுத்தது.

"உயிரைக் கொடுத்துப் பார்த்தேன்."

"என் வேலை போயிடும்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான். மூணு ராத்திரி தூங்கலை. ஆனா பொய்யா எழுத வரலைங்க... உங்களை ஏமாத்தி ஜெயிக்கவிட்டா, அப்புறம் உங்க முகத்தை எப்படிப் பார்ப்பேன்?" தலை குனிந்துகொண்டான். "திட்டணும்னா திட்டுங்க. எடுத்திருந்தாலும் திட்டியிருப்பீங்க. எடுக்காததுக்கும் திட்டறீங்க."

டெஸ்ஸா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். வசந்தம் முழுக்க எத்தனையோ இனிப்பாய்ப் பேசியிருக்கிறான். 'அவள் கண் தப்பாது' என்ற வரியைப்போல் ஒன்றுகூட அவள் நெஞ்சில் இப்படி இறங்கியதில்லை.

"என்னை உனக்குப் பிடிச்சிருக்கா, எமெட்?"

'உனக்கு' என்ற சொல் அவனை நிமிர வைத்தது. அந்தச் சாம்பல் பச்சைக் கண்கள் எதையும் ஒளிக்காமல் அவளைப் பார்த்தன.

"பிடிச்சிருக்கு. என் கால்ல ஏறி நின்னியே, அந்த நிமிஷத்துலேருந்து."

"அதைச் சொல்ல ஜூலை வரைக்குமா ஆச்சு?" என்று ஜன்னலிலிருந்து டோரிஸ் கத்தினாள். பின்னால் பதினாறு தலைகள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள் டெஸ்ஸா, ஜன்னலைச் சட்டை பண்ணாமல். "ஆனா உனக்கு வாதாடத் தெரியலை. இவ்வளவு நல்ல பையனுக்கு வெறும் நாப்பது நிமிஷம்தானா?"

"அப்ப எனக்காக நீ வந்து வாதாடு. எங்கம்மாகிட்ட. முப்பது வருஷ மியூல்ஸ் ரசிகை, கொக்குத் தொப்பியைக் கண்டாலே கதவைச் சாத்தறவ அவ."

"வர்றேன்."

"லேசுல மசியமாட்டா. எவ்வளவு நேரம் வாதாடுவ?"

டெஸ்ஸா அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஜெயிக்கிற வரைக்கும்."