குழியைக் குறித்த விரல்

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...!

மேப் ரூமில் போன் அலறியது.

அவள் எடுத்தாள்.

மேப் ரூம் என்றால் சுவர் முழுக்க ஒரே திரை. ரோடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, போலீஸ் என்று எல்லா இலாகாவும் தனக்குத் தெரிந்ததைக் கொண்டுவந்து ஒரே மேப்பில் கொட்டும் இடம். எந்தத் தெருவில் வெள்ளம் ஏறும், ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும், ஜனங்களை எங்கே தங்கவைப்பது... எல்லாம் இந்தத் திரையைப் பார்த்துத்தான் முடிவாகும். அவள் இங்கே டெபுடி. டைரக்டர், அவளுடைய கணவர்.

"மேடம்... சாக்கடை மேஸ்திரி பேசறேன்!" எதிர்முனையில் மூச்சு வாங்கியது. "மேப்புல 'மூடி இல்லாத குழி'ன்னு ஒரு சிவப்புப் புள்ளி வந்துச்சே... மூடி போடலாம்னு வந்தோம். உள்ள... உள்ள ஒரு ஆள் கெடக்கறாரு மேடம்!"

"உயிர் இருக்கா?"

"இல்ல மேடம்... எப்படிச் சொல்றதுன்னே தெரியல... நம்ம டைரக்டர் சார்!"

"சரி. போலீஸுக்குச் சொல்லிடுங்க."

போனை வைத்தாள். ஆறிப்போயிருந்த காபியைக் குடித்து முடித்தாள்.

அழுகை வரவில்லை. வரவேண்டும் என்று தோன்றவும் இல்லை. போன மழையில், வெள்ள முகாமில் தண்ணீர் புகுந்து தங்கை செத்தாளே... அன்றிலிருந்து அவள் இப்படித்தான். மரத்துப்போன கால் மாதிரி. கிள்ளினாலும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். கூடவே தண்ணீர் இலாகா எஞ்சினியர். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒங்க வீட்டுக்காரரைப் பார்த்துட்டுத்தான் வரேன்மா. மனசைத் தேத்திக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தேத்திக்கிட்டேன் சார். கேளுங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் திகைத்தார்!

"பின்மண்டையில அடி. யாரோ தள்ளிவிட்ட மாதிரி இருக்கு. இந்த மழைல அந்தத் தெருவுல ஈ காக்கா இல்ல. ஆனா குழியை மேப்புல ஒருத்தர் குறிச்சிருக்காங்க. அது யாரு?"

"திரையில பேர் வராது சார். ஆனா அந்த இடத்துல நின்னாத்தான் போன்ல குறிக்க முடியும்."

"அப்போ குறிச்சவன்தான் கொலைகாரன்! இல்லேன்னா கொலையைப் பார்த்தவன். பேரை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"டைரக்டர் சாவியைப் போட்டுப் பூட்டைத் திறக்கணும். சாவின்னா அவரோட கட்டைவிரல். அவர் உயிரோட இருக்கறவரைக்கும் அவர் விரல் மட்டும்தான். செத்துட்டா, டெபுடி விரலும் போலீஸ் விரலும் சேர்ந்து வைக்கணும். அவருக்கப்புறம் தனியா ஒருத்தர் ஊரையே மாத்திடக் கூடாதுன்னு அப்படி ஒரு ஏற்பாடு."

"அவர் ஒருத்தரே மாத்திட்டாரே!" எஞ்சினியர் வெடித்தார்.

இன்ஸ்பெக்டர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்டதான் வரலாம்னு இருந்தேன். காலைல டைரக்டரோட பெரிய சண்டையாமே?"

"ஆமா சார், போட்டேன்! முகாம் போடற ஸ்கூல் ஹால் பள்ளத்துல இருக்கு. வெள்ளம் எதுவரைக்கும் ஏறும்னு நான் அளந்து கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் சாவியைப் போட்டு அந்தக் கோட்டை நகர்த்திட்டார். மேப்புல ஹால் மேடு... நெசத்துல கிணறு! போன மழையிலயும் இதே கூத்துதான். அந்த ஹாலை முகாமுக்குப் பாஸ் பண்ணினதே அவர்தான் சார். தப்புன்னு ஒத்துக்கிட்டா மூக்கறுபட்டுப் போகுமே!"

"அதனால தள்ளிவிட்டீங்க?"

"ஐயோ... நான் பம்ப் ஹவுஸ்ல இருந்தேன்!"

"சாட்சி?"

"தனியாத்தான் இருந்தேன்... பம்ப் மட்டும்தான்..."

"பம்ப் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுமா?"

எஞ்சினியருக்கு வியர்த்தது.

அவள் குறுக்கிட்டாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"சார், அதை அப்புறம் பேசலாம். திரையைப் பாருங்க."

திரையில் பச்சை அம்புகள் நகர்ந்துகொண்டிருந்தன.

"ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போற லாரிங்க. எல்லாம் அந்த ஹாலுக்குத்தான் போகுது."

"என்னது!" இன்ஸ்பெக்டர் அதிர்ந்தார். "போன் பண்ணி நிறுத்துங்க!"

"முன்னாடி ஆளாளுக்குப் போன் போட்டுக் குழப்பினதாலதான் சார் இந்த ரூமே வந்துச்சு. மேப் சொன்னாத்தான் இப்ப வண்டி திரும்பும். கோட்டைப் பழையபடி வெச்சுடறேன். விரலை வைங்க."

"பூட்டு திறந்தா குறிச்சவன் பேரும் தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவள் தன் கட்டைவிரலை வைத்தாள். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வைத்தார்.

டிங்...!

பூட்டு திறந்தது. அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள். ஸ்கூல் ஹால் நீல நிறத்தில் மூழ்கியது. அம்புகள் தயங்கி நின்றன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி, மேட்டுத் தெரு மார்க்கெட் கட்டடத்தை நோக்கி நகர ஆரம்பித்தன.

எஞ்சினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொழைச்சாங்க..."

கடைசி அம்பு திரும்பும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அப்புறம்தான் சிவப்புப் புள்ளியைத் தொட்டாள்.

பெயர் வந்தது.

இன்ஸ்பெக்டர் படித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

'டெபுடி, மேப் ரூம்.'

"அ... அம்மா... நீங்களா?!"

"நான்தான் சார்."

அவள் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி ஏறறதைக் காட்ட அவரை அந்தத் தெருவுக்குக் கையோட கூட்டிட்டுப் போனேன். தண்ணி வந்த வேகத்துல மூடியே அடிச்சுக்கிட்டுப் போயிருந்துச்சு. 'பாருங்க, இப்பவாவது கோட்டைத் திருப்பி வைங்க'ன்னு கெஞ்சினேன். 'உன் தங்கச்சி வழுக்கி விழுந்து செத்தா அதுக்கு மேப் என்னடி பண்ணும்?'னு கேட்டார். தள்ளிட்டேன்."

"கோபத்துலயா?"

"தெரியல சார். அப்பவும் ஒண்ணும் தெரியல. இப்பவும் ஒண்ணும் தெரியல."



இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "புருஷனைக் குழியில தள்ளிட்டு, வேற யாரும் விழுந்துடக் கூடாதுன்னு மேப்புல குறிச்சீங்க. பழக்கதோஷம்! அதுதான்மா உங்களைக் காட்டிக்கொடுத்துடுச்சு."

"பழக்கதோஷம் இல்ல சார்."

"பின்னே?"

"அவர் செத்தது உறுதியானாத்தானே நம்ம விரலுக்குப் பூட்டு திறக்கும்? பொணம் உடனே கிடைக்கணும். சிவப்புப் புள்ளி வெச்சா மேஸ்திரி அடுத்த நிமிஷம் ஓடி வருவார்."

"அதுக்கு நேரா எங்களுக்கே ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா!"

அவள் இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினாள்.

"புருஷனைக் காணோம்னு சொன்னா, 'ரெண்டு நாள் பொறும்மா, தானா வந்துடுவார்'னு சொல்லியிருப்பீங்க சார்!"