முகம் காட்டாத பிள்ளைகள்

அன்று மூன்றாவதாக ஸ்கேனுக்குப் படுத்தவளின் குழந்தையும் முகத்தைக் காட்டவில்லை.

அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர் கங்கா முதலில் நினைத்தாள். ஐந்தாம் மாத ஸ்கேனில் உதடு, மூக்கு, முதுகுத்தண்டு, இதயத்தின் அறைகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறை ஏதும் இருந்தால் சொல்ல வேண்டும். சில குழந்தைகள் குப்புறக் கிடந்து அடம்பிடிக்கும். தாயை வெளியே அனுப்பி, இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டுக் கொஞ்சம் நடந்து வரச் சொன்னால் அதற்குள் புரண்டிருக்கும். காலையில் வந்த இருவரும் அப்படித்தான் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மழையில் குடை பிடித்து நடந்துவிட்டு வந்தார்கள். திரும்பப் படுத்தபோதும் திரையில் தெரிந்தது கோழிக்குஞ்சு போல ஒடுங்கிய முதுகு மட்டும்தான். இதோ, மூன்றாவதும். மூன்றும் ஒரே பக்கம் திரும்பிக் கிடந்தன. கங்கா உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்து.

அவளை அனுப்பிவிட்டுக் கங்கா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் சுக்கும் மிளகும் அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் மழைக்காலம் வந்தால் சுவர் ஈரத்தைக் குடித்துக்குடித்து, உள்ளே ஊறிப்போன அந்தக் காரமான வாசனையை மெல்ல வெளியே விடும். ஏ.சி.யின் உறுமலுக்கும் ஓட்டில் விழும் மழைக்கும் நடுவே, வல்லார்பாடம் பக்கமிருந்து ஒரு கப்பலின் சங்கு நீளமாக ஒலித்து அடங்கியது. சுவரில் ஈரக்கறை ஒன்று இருந்தது. வேறெதுவும் இல்லை. இருந்தாலும் அதற்கு முதுகு காட்டி உட்கார அவளுக்கு மனம் வரவில்லை.

அவளுக்கும் அது ஆறாம் மாதம். முதல் குழந்தை வயிற்றிலேயே அடங்கிப்போனதை இதே அறையில், இதே மெஷினில், தன் வயிற்றில் தானே ஸ்கேன் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவள். அதன்பின் தன்னைத் தானே பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். எர்ணாகுளத்தில் சிநேகிதி ஒருத்திதான் பார்க்கிறாள். போன மாதம்கூட எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள்.

கதவைத் தட்டிவிட்டுச் சீனியம்மாள் தலையை நீட்டினாள். ஸ்கேன் சென்டர் தொடங்கிய நாளிலிருந்து கூட இருக்கும் உதவியாள்.

"டாக்டரம்மா, ஒரு பொண்ணு வந்திருக்கு. ஏழு மாசம். லேசா ரத்தம் பட்டுச்சாம். முன்னாடி அனுப்பட்டா?"

"உடனே அனுப்புங்கோ, சீனியம்மா."

பாண்டிச்செல்வி உள்ளே வந்தாள். ஒல்லியான உடம்பு, நனைந்த முந்தானையை மேலே போர்த்தியிருந்தாள். எர்ணாகுளம் பிராட்வேயில் ஓட்டல் வேலை பார்க்கும் அவள் புருஷன் மாரிச்செல்வம் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வலி இருக்கா?"

"வலி இல்ல மேடம். பயமாத்தான் இருக்கு."

"பேடிக்காதே. படு."

ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தாள். திரையில் சாம்பல் நிறம் அலையலையாகப் பிரிந்தது. குழந்தை பக்கவாட்டில் படுத்திருந்தது. முகம் தெரிந்தது. நெற்றி, மூக்கின் மேடு, சப்பிக்கொண்டிருந்த கட்டைவிரல். கங்காவுக்கு ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. இன்னும் தெளிவாகப் பார்க்க நாற்காலியை முன்னே இழுத்து, கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள்.

விரல் வாயிலிருந்து வெளியே வந்தது. குழந்தை உதறிக்கொண்டு திரும்பியது. முதுகு.

கங்கா எழுந்தாள். மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிலின் மறுபக்கம், அந்தச் சுவரின் ஓரமாகவே நின்றாள். ஈரச்சுவரின் குளிர் முதுகில் ஏறியது. இனி குழந்தையின் முகம் தன் பக்கம்தான் இருக்க வேண்டும். கருவியை வைத்தாள். முகம் இருந்தது. ஒரே ஒரு கணம்.

பிறகு மெதுவாக, சிரமப்பட்டு, அந்த இடமில்லாத இடத்துக்குள் கையையும் காலையும் மடக்கிப் புரண்டு, அது மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

சுவர் இல்லை. காரணம் சுவரே இல்லை.

"என்னாச்சு மேடம்?"

"ஒண்ணுமில்லை. அசையாமே இரு."

வேலையைப் பார், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ரத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடினாள். கீழே, கர்ப்பப்பையின் வாயருகே, கண்ணில் பட்டது. குழந்தையின் ரத்தக்குழாய் ஒன்று, காப்பு எதுவுமில்லாமல், வாயின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பனிக்குடம் உடைந்தால் அதுவும் சேர்ந்து அறுந்துவிடும். குழந்தையின் ரத்தம் முழுக்க நிமிடங்களில் வடிந்துவிடும். தெரிந்துவிட்டது நல்லது. இப்போதே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, பனிக்குடம் உடையும் முன்னால் ஆபரேஷன் செய்துவிட்டால் குழந்தை பிழைத்துவிடும்.

துடிப்பைப் பார்க்க ஒலியைத் திறந்தாள். குதிரைக் குளம்படி மாதிரி அறை நிறைந்தது. நூற்று நாற்பத்தெட்டு. நல்ல துடிப்பு. அந்தக் குழாயை அளக்க இன்னும் குனிந்தாள். அவள் வயிறு கட்டிலின் விளிம்பில், பாண்டிச்செல்வியின் விலாவில், லேசாக உரசியது.

குளம்படி தடுமாறியது.

நூற்றுப் பத்து. தொண்ணூறு. எழுபது.

அப்போது கங்காவின் வயிற்றுக்குள் ஒரு அசைவு. உதை இல்லை. உதை அவளுக்குத் தெரியும். இது சாய்வு. உள்ளே இருந்தது தன் கனத்தையெல்லாம் ஒரே பக்கமாக, கட்டில் பக்கமாக, கொண்டுபோய் அழுத்தியது. அவள் தோல் அந்த இடத்தில் புடைத்துக்கொண்டது.

அறுபது.

ஃபோனை எடுக்கத்தான் அவள் பின்னால் நகர்ந்தாள். கை மட்டும் நீண்டு கருவியைப் பிடித்திருந்தது. துடிப்பு ஏறியது. தொண்ணூறு. நூற்று முப்பது. மறுபடி நூற்று நாற்பத்தெட்டு. திரும்ப ஓரடி முன்னே வைத்தாள். அப்படி வைத்ததற்காகப் பிறகு தன்னையே வெறுத்தாள். துடிப்பு விழுந்தது. வயிற்றுக்குள் மறுபடியும் அந்தச் சாய்வு. அவசரமில்லாமல். ஆசையோடு.

காலையில் வந்த மூன்றும் எதற்கு முதுகைக் காட்டின என்று இப்போது புரிந்தது.

கருவியைப் போட்டுவிட்டுக் கதவுவரை பின்னால் போனாள். மாரிச்செல்வத்தை உள்ளே கூப்பிட்டு, சொல்ல வேண்டியதைத் தூரத்திலிருந்தே சொன்னாள். குழாய், பனிக்குடம், ஆபரேஷன், எந்த ஆஸ்பத்திரி, யாரைப் பார்க்க வேண்டும், எல்லாம். அங்கே டூட்டி டாக்டருக்கு அவளே ஃபோனில் பேசினாள். குரல் நடுங்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது.

தள்ளுவண்டியில் ஏறும் முன் பாண்டிச்செல்வி திரும்பி, சட்டென்று கங்காவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றை நோக்கி இழுத்தாள்.

"புள்ள பொழச்சுரும்னு ஒரு தடவ கைய வச்சுச் சொல்லுங்க மேடம். நீங்களும் மாசமா இருக்கீங்க. ஒங்க வாய்ல நல்ல வாக்கு வரட்டும்."

கங்கா கையைப் பிடுங்கிக்கொண்டாள். அடி வாங்கியவள் மாதிரி பாண்டிச்செல்வி பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்ளலாம். தொட்டிருந்தால் தாங்க முடியாது.

"பொழைச்சுக்கும். சீக்கிரம் போங்கோ. போங்கோ!"

சைரன் மழைக்குள் கரைந்தது.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பட்டப்பகல். வெளியே யாரோ சாயாவுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். புடவையை விலக்கிக் கட்டிலில் சாய்ந்து, திரையைத் தன் பக்கம் திருப்பினாள். ஜெல் குளிர்ந்தது. படம் முதலில் கலங்கலாக வந்தது. பிறகு நிலைத்தது.

முதுகுத்தண்டு நேராக இருந்தது. இதயத்தில் நான்கு அறைகளும் இருந்தன. விரல்கள் சரி. அளவுகள் எல்லாம் சரி. ஒரு குறையும் இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மோளே, என்றாள். அல்லது மோனே. மகளோ மகனோ, யாராக இருந்தாலும். என்ன நினைத்துவிட்டேன் உன்னை.

முகத்தைத் தேடினாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கனவே இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கர்ப்பப்பையின் சுவரில் நெற்றியை ஒட்டி, இரண்டு உள்ளங்கையையும் கன்னத்தின் இருபக்கமும் குவித்து வைத்திருந்தது. வெளியே நிற்கும் ஒருவர் இருட்டான கண்ணாடி ஜன்னலில் முகத்தைப் பதித்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுபோல.

கண்கள் திறந்திருந்தன.

கருவியை இடதுபக்கம் நகர்த்தினாள். முகம் கூடவே வந்தது. வலது. வந்தது.

எடுத்துவிட்டாள். தாங்கியில் மாட்டினாள். கைகள் ஜெல்லில் வழுக்கின. வயிற்றின் மேல் கருவி இல்லை. திரை கறுத்துப்போக வேண்டும்.

கறுக்கவில்லை.

முகம் அங்கேயே இருந்தது. இன்னும் கிட்டத்தில்.

கதவை யாரோ தட்டினார்கள். "டாக்டரம்மா," சீனியம்மாளின் குரல். "வெளிய நாலஞ்சு பேரு காத்துக்கிட்டிருக்காங்க. அடுத்த ஆள அனுப்பட்டா?"

வேண்டாம். சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கைப்பிடி திரும்பியது. திரையில் அந்தச் சின்ன உள்ளங்கைகள் கன்னத்திலிருந்து இறங்கின. அவள் வயிறு கதவுப் பக்கமாகப் புடைத்து எழுந்தது. சாம்பல் வெளிச்சத்தில், மெல்ல, அந்த முகம் கதவைப் பார்த்துத் திரும்பியது. உதடுகள் பிரிந்தன.