நான்காம் கவளத்துக் குரல்

இரைப்பையைச் சுருக்கிய மூன்றாம் நாள், நோயாளியிடம் பகையாளியின் பெயரைக் கேட்பார்கள். ஏழாம் மிதவைநகரில் இது பத்தியச் சீட்டுக் கொடுப்பது போல வழக்கமான காரியம். தூத்துக்குடிக்கு அப்பால் கடல்மேல் கட்டிய ஊர் அது. அங்கே யாரும் நடப்பதில்லை. தரையே ஆளைச் சுமந்துகொண்டு போகும். ஆகவே நாற்பது வயதுக்குள் பாதிப் பேருக்கு வயிற்றை வெட்டியாக வேண்டியிருந்தது.

வெட்டுவது சுலபம். இயந்திரக் கை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். சிக்கல் மூளையில் இருந்தது. வயிறு எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிவிட்ட செய்தி அதற்குப் போய்ச் சேரவே இல்லை. அது பழையபடி கேட்டது, கையும் பழையபடி அள்ளியது, தையல் பிரிந்தது. எனவே காதெலும்பில் அரிசி அளவுக் கருவி ஒன்றைப் பதித்து, நான்காம் கவளத்தில் ஒரு குரலை ஒலிக்கவிட்டார்கள். நிறுத்துகுரல் என்று அதற்குப் பெயர். முதலில் அம்மாவின் குரலைத்தான் வைத்துப் பார்த்தார்கள். எத்தனை பேர் நினைவைத் துழாவியும் எந்த அம்மாவும் ‘போதும்’ என்று சொன்னதாகக் கிடைக்கவில்லை. மனைவி குரலுக்குக் கை நிற்கவில்லை. அவமானப்படுத்தியவன் குரலுக்கு மட்டும் சட்டென்று நின்றது.

பிரமநாயகம் பெயரைச் சொல்ல யோசிக்கவே இல்லை. நூற்று அறுபத்திரண்டு கிலோ எடையோடு, இதயம் இன்னும் ஓராண்டு தாங்காது என்ற எச்சரிக்கையோடு படுத்திருந்தவர், “எம் மச்சினன் இசக்கிவேல்” என்றார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இசக்கிவேல் வீட்டுப் புதுமனை புகுவிழா. பிரமநாயகம் இரண்டாம் முறை சோறு வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தார். மனைவியின் தம்பி, வந்த ஜனமெல்லாம் பார்க்க, பின்னால் வந்து நின்று சொன்னான்: “அத்தான், போதும் எந்திரிங்க. ஆளு நிக்காங்க.” பிசைந்த சோற்றோடு எழுந்தவர், அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நினைவிலிருந்து அந்த வாக்கியத்தைச் சுரண்டி எடுத்துக் கருவியில் ஏற்றினார்கள். குரலுக்குரியவனிடம் யாரும் கேட்கவில்லை, சட்டம் அதைக் கோரவும் இல்லை.

மருத்துவம் என்றால் இதுவல்லவா மருத்துவம். ஒன்றரை ஆண்டில் எண்பத்தாறு கிலோ குறைந்தது. சர்க்கரை ஓடிவிட்டது, முழங்கால் வலி போய்விட்டது, இதயம் இளைஞனுடையதைப் போல அடித்தது. மருத்துவமனை அவருடைய படத்தை வாசலில் மாட்டியது. மனிதர் உள்ளே எப்படி இருக்கிறார் என்று கேட்க மட்டும் அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

உள்ளே அவர் நொறுங்கிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. எப்படியும் எழுப்பப்போகிறான் என்று அடுப்படியில் நின்றபடியே விழுங்கினார். அலுவலகக் கூட்டத்தில் காரணமில்லாமல் நாற்காலியை விட்டு எழுந்தார். கல்யாணம், சடங்கு எதற்கும் போவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆண்டுக்கு ஆயிரம் முறைக்கு மேல் பந்தியிலிருந்து எழுப்பப்படும் மனிதன் வேறெப்படி இருப்பான்? இந்தக் குரலோடு இன்னும் முப்பது ஆண்டு வாழ வேண்டியிருக்குமே என்று அவருக்குப் பயமாக இருந்தது. நல்ல இதயம் கிடைத்ததற்காகவே அழுதார்.

“எடுத்துருங்க டாக்டரம்மா” என்று மருத்துவர் ஹெப்சிபாவிடம் கெஞ்சினார்.

“எல்லாருந்தான் எடுக்கச் சொல்லுதாங்க. நோயாளி சொன்னா எடுக்கக் கூடாதுன்னு சட்டம். குரலுக்குச் சொந்தக்காரர் சொன்னா எடுக்கலாம்” என்றார் அவர். ஒரு விலக்குப் பலகையை நீட்டினார். உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதில் கை வைத்து ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்: நான் அன்று சொன்னது அவர் நன்மைக்காக அல்ல, அவரைச் சிறுமைப்படுத்தவே சொன்னேன். பலகை நாடியைப் பார்த்து உண்மையா என்று கண்டுபிடித்துவிடும். நன்மைக்காகச் சொன்னது மருத்துவ அறிவுரையாகிவிடும், அறிவுரையைத் திரும்பப் பெறச் சட்டத்தில் இடமில்லை.

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மனைவி வடிவையும் அழைத்துக்கொண்டு மச்சினன் வீட்டுக்குப் போனார். வடிவு வாசலிலேயே நின்றுகொண்டாள். இந்த இருவருக்கும் நடுவில் நின்று அவளுக்கு அலுத்திருந்தது.

கதவைத் திறந்த இசக்கிவேலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மலை போல இருந்தவன் காய்ந்த முருங்கைக்காய் போல நின்றான்.

“எதுக்கு வந்திருக்கீய?” என்றான். ‘வாங்க’ என்று சொல்லவில்லை.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அவன் சிரித்தான். நல்ல சிரிப்பல்ல. உள்ளே போய் அதே மாதிரி ஒரு பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

“நானும் மூணு வருசமா நின்னுக்கிட்டுத்தான் திங்கேன் அத்தான். எங் காதுல நீங்கதான் இருக்கீய.”

“நானா? நான் என்னல சொன்னேன்?”

“ஒங்க மறுவீட்டு விருந்து. எனக்குப் பதினேழு வயசு. ‘ஏல, விருந்து எனக்கா ஒனக்கா?’ன்னு கேட்டீய. வீடே சிரிச்சுது. நெனப்பு இல்லையா?”

பிரமநாயகத்துக்கு நிஜமாகவே நினைவில்லை.

“சரி, போவட்டும். நீங்க இதச் சொல்லுங்க, அடுத்த நிமிசம் நானும் ஒங்களுக்குச் சொல்லிருதேன். ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடலாம்” என்றான் இசக்கிவேல். அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பிரமநாயகம் பலகையில் கை வைத்தார். வாக்கியத்தைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். கையை எடுத்துவிட்டார்.

“சிறுமைப்படுத்தன்னு எப்படிலே சொல்ல? மச்சினன கேலி பேச மொறை இருக்குல்லா. நீ அப்பவே எம்பது கிலோ இருந்த. யாராவது ஒருத்தர் சொல்லணும்லா. ஒன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

“அப்ப நானும் ஒங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

“பந்தியில இருந்து எழுப்புனது நல்லதுக்கா? அது திமிரு.”

“நீங்க பேசுனது மட்டும் தேனும் பாலுமாக்கும்.”

“எஞ் சொல்லு இல்லன்னா நீ இன்னைக்கு உசுரோட இருப்பியாடா?”

“அதையேதான் நானும் கேக்கேன்.”

அரை மணி நேரம் இருவரும் இப்படியே மல்லுக்கட்டினார்கள். யாரால் யார் அதிகம் இளைத்தது என்றுகூடக் கணக்குப் பார்த்தார்கள். பலகைகள் இரண்டும் மேசைமேல் கிடந்தன. ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும், இரண்டு பேரும் பிழைத்திருப்பார்கள். தன் வாயிலிருந்து வந்தது மருந்து, அவன் வாயிலிருந்து வந்தது விஷம் என்பதில் இரண்டு பேருக்குமே சந்தேகம் இல்லை.

பிரமநாயகம் வெளியே வந்தார். தரை இருவரையும் சுமந்துகொண்டு நகர்ந்தது.

“சொன்னீயளா?” என்று வடிவு கேட்டாள்.

“சொல்லல.”

“அவனும் உக்காந்து சாப்பிட்டு மூணு வருசம் ஆச்சாமே. அவன் பொண்டாட்டி வாசல்ல வந்து ஒரே அழுகை. ஒத்த வரிதான, சொல்லியிருக்கலாம்லா?”

“வெவரம் தெரியாம பேசாத. அந்தக் குரல எடுத்துட்டா நாலே மாசத்துல பழையபடி ஊதிருவான். ஒனக்குன்னு இருக்கது ஒரே தம்பி. அவன் நல்லதுக்குத்தான் சொல்லல” என்றார் பிரமநாயகம். ஒன்றரை ஆண்டாக அவர் முகத்தில் காணாத தெம்பு அப்போது இருந்தது.