ஷெட்டுடன் வீடு விற்பனைக்கு

மதியம் இரண்டு மணிக்குக் கரண்டு போனால் பனியன் கம்பெனிகள் நிறைந்த ராயபுரத்தில் அந்தத் தெருவே ஊமையாகிவிடும். முதலில் எதிர்வீட்டு மாடியில் ஓவர்லாக் மிஷின்கள் நிற்கும், அப்புறம் மூலைக் கம்பெனியின் நிட்டிங் மிஷின் உறுமிக்கொண்டே அடங்கும், கடைசியாக யார் வீட்டிலோ பாடிக்கொண்டிருந்த ரேடியோவும் பாதிப் பாட்டில் நிற்கும். அந்த வருடம் தினமும் நாலு மணி வரைக்கும் அப்படித்தான். காது அடைத்துத் திறந்த மாதிரி ஒரு அமைதி வரும். அதற்குள் தகரம் வெயிலில் முனகுவதும், துணிக்கொடியில் காக்கா வந்து உட்காருவதும் தனித்தனியாகக் கேட்கும்.

அந்தச் சத்தமும் அப்போதுதான் கேட்டது. பூட்டிக் கிடந்த ஷெட்டுக்குள்ளிருந்து.

டிக்.

கொஞ்சம் விட்டு, டிக். டிக்.

ஞானாம்பாள் கழுவிய டம்ளரைக் கையில் வைத்தபடியே நின்றாள். தகரம்தான் என்று நினைக்கப் பார்த்தாள். தகரம் இவ்வளவு ஒழுங்காகச் சத்தம் போடாது. இது ட்ரிம்மர். பனியன் தையலில் தொங்குகிற நூல் பிசிறை வெட்ட, விரலில் மாட்டிக்கொள்கிற சின்னக் கத்தரி. கரண்டு போனாலும் இந்த ஊரில் நிற்காத வேலை பிசிறு வெட்டுவது ஒன்றுதான்.

அந்த ஷெட்டில் ஆள் உட்கார்ந்து பத்து மாதம் ஆகிறது.

ஷெட்டு அவள் வீட்டுக்காரர் ரத்தினசாமி போட்டது. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரம் நின்ற இடம். இடுப்பு உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேலே தகரம், கூரையும் தகரம். ஒரே ஒரு கதவு, வெளியே பெரிய தாழ்ப்பாள். ஜன்னல் கிடையாது. மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதுவும் கரண்டு இருந்தால்தான் சுற்றும். "இன்னிக்கு வாடகை வரும், நாளைக்கு வித்தாலும் ஊட்டு மதிப்பு ஏறும்" என்று சொல்லிக்கொண்டே கட்டினார். கட்டி முடித்த மறு வருடம் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். குழந்தை கிடையாது. வீட்டை விற்றுவிட்டு காங்கேயத்தில் தங்கச்சி வீட்டோடு போய்விடலாம் என்பதுதான் அப்போதிருந்தே ஞானாம்பாளின் நினைப்பு.

வீட்டு புரோக்கர் சலாவுதீன் ஷெட்டைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்கம்மா, இதுல ஒரு சங்கதி இருக்குதுங்க. குடியிருக்க ஊடு தேடறவன் ஷெட்டப் பாத்தா மூஞ்சியச் சுளிப்பான். தொழில் பண்றவனுக்கு ஷெட்டு இருந்தாப் போதும், ஊட்ட எட்டிக்கூடப் பாக்க மாட்டான். அப்பிடி ஒருத்தன் சிக்குனான்னா மூணு லட்சம் சேத்துக் கேக்கலாமுங்க. ஆனா ஷெட்டு காலியா இருக்கோணும். உள்ள ஆளு குடியிருக்குதுன்னு தெரிஞ்சா வாங்கறவன் பத்திரத்துப் பக்கமே வரமாட்டான். காலி பண்ண வெக்கறது யாருங்க?"

அப்போது உள்ளே ஆள் இருந்தது. கருத்தம்மா. மானாமதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பகலில் கம்பெனிக்காரன் கொண்டுவந்து போடும் பண்டலைப் பிரித்துப் பிசிறு வெட்டுவாள், ராத்திரி அந்த பண்டல் மேலேயே படுத்துக்கொள்வாள். பனியன் பஞ்சு நெஞ்சில் ஏறி எந்நேரமும் ஒரு இருமல்.

போன அக்கினி நட்சத்திரத்தில் கரூர்க்காரர்கள் வீடு பார்க்க வந்தார்கள். கார் தெருமுனையில் திரும்பும்போது ஞானாம்பாள் ஷெட்டுக்கு ஓடினாள்.

"எவ்வளவு நேரம்க்கா?" என்றாள் கருத்தம்மா.

"அரை மணி நேரந்தான் கண்ணு. நான் வந்து கதவத் தொறந்து சொல்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. இருமல் வந்துச்சுன்னா முந்தானைய வாய்ல வெச்சுக்கோ. பத்திரம் முடிஞ்சதும் உன்னைய இங்கயே வெச்சுக்கச் சொல்றேன்."

கருத்தம்மா சிரித்தாள். "மூச்சே விடமாட்டேன், போதுமாக்கா? போங்க."

ஞானாம்பாள் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். மணி இரண்டே கால்.

கரூர்க்காரர்கள் வீட்டைப் பார்த்தார்கள், உள்ளே வெறும் சூடுதானுங்க என்று ஞானாம்பாள் சொன்னதும் ஷெட்டை வெளியே இருந்து தட்டிப் பார்த்தார்கள். உள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. இப்பவே அட்வான்ஸ் போடுவோம் என்று அவளைக் காரிலேயே ஏற்றிப் புரோக்கர் ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். காபி வந்தது, லட்டு வந்தது. எழுதுகிறவர் நிதானமாக எழுதினார்.

மறந்துவிட்டேன் என்று ஞானாம்பாள் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அது பொய். மூன்றரை மணிக்கு ஆபீஸ் கடிகாரத்தை அவள் பார்த்தாள். நினைப்பு வந்தது. ஊடு வரைக்கும் போயிட்டு வந்தர்றேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. எதுக்கு என்று கேட்பார்களே? எதிரே பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரந்தானே என்று லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ஐந்தரை. தாழ்ப்பாள் அப்போதும் கையைச் சுட்டது.

கருத்தம்மா மூலையில் பண்டலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விரலில் ட்ரிம்மர். மடியில் வெட்டி முடித்த பனியன்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக. கண் திறந்திருந்தது. வாய்க்குள் முந்தானை, தொண்டை வரைக்கும்.

கத்துவதற்கு முன்னால் ஞானாம்பாள் அந்த முந்தானையை வெளியே இழுத்தாள். அது ரொம்ப நீளமாக வந்துகொண்டே இருந்தது. அதைத் தோளில் சரியாகப் போட்டுவிட்டு, கதவை விரியத் தள்ளிவிட்டு, அதற்கு அப்புறம்தான் கத்தினாள். "கதவு தொறந்துதான் கெடந்துச்சுங்க, வெயில்ல மயங்கிட்டாளாட்ட இருக்குது" என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னாள். ஊரிலிருந்து வந்த அண்ணன்காரன் பெரியகருப்பன், உடம்பைக் கொண்டுபோக வேன் பிடித்துக் கொடுத்ததற்காக அவள் காலில் விழுந்தான். "தாயி, பெத்தவ கணக்கா பாத்துக்கிட்டீக" என்றான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

சாவு விழுந்த வீடு என்று கரூர்க்காரர்கள் அட்வான்சைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஷெட்டால் ஏறிய விலை, ஷெட்டாலேயே இறங்கிற்று. அப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, இந்தப் பங்குனி வரைக்கும்.

டிக். டிக்.

மூன்று நாளாக இப்படித்தான். நேற்றுச் சாயங்காலம் தாழ்ப்பாளில் ஒரு வெள்ளை நூல் பிசிறு சுற்றியிருந்தது. இன்றைக்குச் சோற்றில் ஒன்று. கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை. காட்டினால்தான் என்ன சொல்வது?

மூன்றேகாலுக்குச் சலாவுதீன் புது ஆட்களைக் கூட்டி வந்தார். முனீஸ், அவன் பெண்டாட்டி அபிராமி. அருப்புக்கோட்டையிலிருந்து வந்து பத்து வருடம் டெய்லராக இருந்து, இப்போது சொந்தமாக நாலு மிஷின் போடப் போகிறார்களாம்.

"அந்தச் சமாச்சாரம் நம்மளோட இருக்கட்டுமுங்கம்மா" என்று சலாவுதீன் வாசலிலேயே காதோடு சொன்னார். ஞானாம்பாள் தலையை ஆட்டினாள்.

அவரே சாவி வாங்கிப் போய் ஷெட்டின் பூட்டைத் திறந்தார். அபிராமி உற்சாகமாக முதல் ஆளாக உள்ளே போனாள். ஆண்கள் இரண்டு பேரும் மீட்டர் பெட்டியைப் பார்க்க நின்றுவிட்டார்கள். ஞானாம்பாள் சமையலறை வாசற்படியைத் தாண்டவில்லை. சொல்லிவிடலாம், இந்த ஷெட்டு வேண்டாம் கண்ணு என்று இப்போதுகூடச் சொல்லலாம். சொன்னால் இந்த ஜென்மத்துக்கு வீடு விற்காது. ராத்திரியெல்லாம் இந்தத் தகரத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சத்தம் நின்றிருந்தது.

அபிராமி வெளியே வந்தாள்.

"ஏண்ணே, ஷெட்டு காலின்னு சொன்னீக? உள்ள ஆள் இருக்காகல்ல?"

"ஆளா? இப்பத்தானுங்க நான் பூட்டத் தொறந்தேன்" என்றார் சலாவுதீன்.

"ஏ, வெயில்ல கண்ணக் கட்டிருச்சா ஒனக்கு?" முனீஸ் சிரித்தான். "இதுக்குத்தான் காலையில சாப்பிட்டு வான்னேன்."

"நீங்க வேற. மூலையில உக்காந்து பிசிறு வெட்டுறாக. பேரு என்னன்னு கேக்கேன், பதிலே இல்ல. வாய் நெறயத் துணிய வச்சிருக்காக. கைய மட்டும் நீட்டி இவுகளக் காட்டுறாக." அபிராமியின் விரல் நேராக ஞானாம்பாளைக் காட்டியது. "நீங்க வந்து சொன்னாத்தான் பேசுவாக போல."

வாயில் துணி. அதை உலகத்தில் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள்.

"ஆள் குடியிருந்தா நமக்கு வேணாம்ணே, பெறகு யாரு காலி பண்றது?" என்றான் முனீஸ், சிரிப்பு போன குரலில்.

"யாராச்சும் வேலைக்காரப் புள்ள வெயிலுக்குப் பூந்திருக்கும். அம்மா, ஒரு எட்டு பாத்து அனுப்பிச்சுடுங்க. நீங்க வாங்க தம்பி, மாடில தண்ணித் தொட்டியப் பாத்துரலாம்" என்று சலாவுதீன் அவர்களை நகர்த்திக்கொண்டு போனார்.

ஞானாம்பாள் தனியாக நடந்தாள். பத்தடி தூரம். வெயில் தலையில் ஆணி அடித்தது. திறந்து கிடந்த கதவிலிருந்து புதுத் துணியின் மொடமொடப்பு வாசமும், பஞ்சு வாசமும், அதற்கு அடியில் வேர்வையும் புளிச்ச சோறும் கலந்த அந்தப் பழைய வாசமும் வந்து முகத்தில் அடித்தன. உள்ளே போனதும் கண் இருட்டிற்று. தரை முழுக்க வெள்ளையாக என்னவோ கிடந்தது. கால் புதைந்தது. பிசிறு. கணுக்கால் உயரத்துக்கு நூல் பிசிறு. பத்து மாதம் வெட்டியது.

மூலையில் அவள் இருந்தாள்.

உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விடாமல். கண் மட்டும் ஞானாம்பாளையே பார்த்தது. கோபம் இல்லை. கேள்விதான். விடலாமாக்கா?

அப்போதுதான் ஞானாம்பாளுக்கு விளங்கியது. அன்றைக்குத் தாழ்ப்பாளைத் திறந்தாள். துணியை எடுத்தாள். ஊரைக் கூட்டினாள். சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவே இல்லை. வந்து சொல்ற வரைக்கும் என்றுதானே பேச்சு. இவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"கருத்தம்மா." குரல் உடைந்தது. "வந்துட்டேன் கண்ணு. கதவத் தொறந்துட்டேன். எனக்கு அப்பவே நெனப்பிருந்துச்சு சாமி, தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன். நீ... நீ மூச்சு விட்டுக்கோ."

கருத்தம்மா வாயிலிருந்த முந்தானையை மெதுவாக இழுத்தாள். நீளமாக வந்தது. முழுசும் வந்தது.

மூச்சு விட்டாள்.

அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது. அந்தச் சித்திரை மதியத்தின் சூடு முழுக்க அதில் இருந்தது. தரையிலிருந்த பிசிறு எல்லாம் எழும்பிப் பறந்தது. தகரம் வெளிப்பக்கமாகப் புடைத்தது. நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. ஞானாம்பாளின் மூக்கில் பஞ்சு. கண்ணில் பஞ்சு. தொண்டையில்.

"அம்மா?" வாசலில் சலாவுதீன் குரல். "உள்ள இருக்கீங்களா?"

எட்டிப் பார்த்தார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டடி தூரம். அவர் கண் அவளைத் தாண்டி மூலைக்குப் போய்த் திரும்பியது.

"ஆரும் இல்லீங்க தம்பி. காலிதான். அந்தம்மாவும் முன்னால போயிட்டாங்களாட்ட இருக்குது."

"நான்தான் சொன்னேன்ல, இவளுக்குக் கண்ணக் கட்டிருச்சுன்னு" என்றான் முனீஸ். "ஷெட்டு நல்லாக் கெட்டியாத்தான் இருக்கு. ஆபீஸுக்குப் போயி பேசிருவோமா?"

"பூட்டிட்டு வர்றனுங்க."

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

கத்தினால் போதும். மூன்று பேர் வெளியே நிற்கிறார்கள். ஞானாம்பாள் வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு.

இருட்டில் ஒரு கை அவள் தோளில் கிடந்த முந்தானையை எடுத்தது. பரிவாகத்தான் எடுத்தது. மடித்தது. உதட்டில் வைத்து அழுத்தியது. ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு.

"அரை மணி நேரந்தான்க்கா."

நாலு மணி. கரண்டு வந்தது. எதிர்வீட்டு மாடியில் தொடங்கி, தெரு முழுக்க மிஷின்கள் ஓட ஆரம்பித்தன.