துர்ராவின் நிச்சயம்

கணினி ஆட்டத்தில் நிச்சயம் முடிந்து ஒன்பது வருடம் ஓடிவிட்டது. மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு வயதுகூட ஏறவில்லை.

ஒல்ஃபா கணினித் திரையருகே குனிந்தாள். பாலைக்காற்றுக்குப் பயந்து துனிஸ் நகரமே சன்னல்களைச் சாத்திக்கொண்டு கிடந்த மத்தியானம். மரச்சட்டங்களின் இடுக்கில் மணல் உரசி உரசி முனகிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஏழு வயது மகள் துர்ரா தூங்கினாள். ஆட்டத்தில் ஒல்ஃபாதான் சுல்தான். பிறந்த இளவரசிக்கு ஆசையாகத் தன் மகளின் பெயரையே வைத்திருந்தாள். பிறகு எதிரிக் கப்பல்கள் வந்தன. படை வேண்டுமானால் பெண் கொடுக்க வேண்டும். தெற்குப் பாலையிலிருந்து ஓர் அரசன் ஆயிரம் வீரர்கள் தருவதாகச் சொல்லி, இளவரசியைக் கேட்டுக் கடிதம் அனுப்பினான். கடிதத்தை முழுதாகப் படிக்காமலே 'சம்மதம்' என்பதை அமுக்கிவிட்டாள். இளவரசிக்குப் பதினாறு நிறைந்ததும் கல்யாணம் தானாக நடந்துவிடும். நாளை பதினாறு.

போன் அடித்தது. கடையிலிருந்து கணவன் நிஸார்.

"என்ன சுல்தானம்மா, இன்னைக்கு யாரைக் கட்டிக் கொடுத்தீங்க?"

"துர்ராவை."

"அடிப்பாவி! பையன் யாரு எவருன்னு விசாரிச்சியா?"

"போங்க, வெறும் ஆட்டம்தானே."

சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையின் பக்கத்தைத் திறந்தாள். பிறந்த வருடம் இருந்தது. அருகில் இறந்த வருடமும் இருந்தது. நிச்சயத்துக்கு இருநூறு வருடம் முந்தையது.

போனை வைத்தாள். 'நிச்சயத்தை முறி' என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். ஆட்டத்தை நிறுத்தித்தான் வைத்திருந்தாள். ஆனாலும் தேதி நகர்ந்தது.

புதுக் கடிதம் விரிந்தது. 'பெண்ணை அழைக்க வந்துவிட்டோம்.'

அப்போதுதான் அந்த வாசனை. அரைத்த மருதாணி, ஈர மண், பூட்டிக் கிடந்த வீட்டின் மூச்சு. வெளியே மாடிப்படியில் தர்புக்கா மேளம், அவசரமே இல்லாமல், படிக்கு ஒரு தட்டாக ஏறி வந்தது. முதல் மாடி. இரண்டாவது மாடி. ஒல்ஃபா வீட்டு வாசல்.

மேளம் நின்றது.

ஒல்ஃபா ஓடினாள்.

துர்ரா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை மருதாணி. ஈரம் காயவில்லை.

"யாருடி வச்சுவிட்டது? சொல்லு!"

"அவங்கதான். நீ சரின்னு சொல்லிட்டியாமே, உம்மா?"

அள்ளி அணைத்தாள். குழந்தை உடம்பு ஐஸாக இருந்தது.

"இல்லடி தங்கம். சொல்லல. நான் சொல்லவே இல்ல."

துர்ரா அம்மாவின் தோளுக்குப் பின்னால் யாரையோ அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, கல்யாணப் பெண்ணைப் போல, தலை குனிந்துகொண்டாள்.